சனிக்கிழமைப் பாதை

அத்தியாயம் 14

ஒடுகத்தூரில் காலை ஆறரைக்குக் கிளம்பிய பஸ், மலையடிவாரத்துக் கடைசி நிறுத்தத்தில் அவர்கள் இரண்டு பேரை மட்டும் இறக்கிவிட்டது. கண்டக்டர் படியில் நின்றபடி அவர்களை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். ஐம்பத்தைந்து வயது ஆள் ஒருவர், ஐம்பதைத் தாண்டிய அம்மாள் ஒருத்தி. இருவர் முதுகிலும் காலேஜ் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு திரிகிற பெரிய ஆரஞ்சு நிறப் பை.

"இன்னா சார், மூட்டை முடிச்சோட எங்க?"

"மாமியார் வூட்டுக்குப்பா" என்றார் வெற்றிச்செல்வன்.

ஜெயசுதா சிரித்துவிட்டாள். அவள் பிறந்த வீடு இருப்பது கண்ணமங்கலத்தில். ஆனால் அவர் சொன்னதும் பொய்யில்லை. மேலே, நாலு மணி நேர நடையில் இருக்கிற நெல்லிமரத்தூர் அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டது. அவள் அந்த ஊர் துணை சுகாதார நிலையத்தின் நர்ஸம்மா. இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய கதை.

இந்தப் பயணம் நடக்கும் என்று போன வாரம்வரை அவளே நம்பவில்லை. மகள் அபிநயா பெங்களூரிலிருந்து வந்து, தன்னுடைய டெண்ட், பைகள், கேஸ் அடுப்பு எல்லாவற்றையும் ஹாலில் பரப்பி வைத்து, "கல்யாண நாள்னா கோயிலும் ஓட்டலும்தானா? ஒரு தபா அந்த மலைக்குப் போய்ட்டு வாங்களேன்" என்று சொன்னபோது முகம் மாறியவர் வெற்றிதான். முழங்கால் வலி என்றார். கடையில் ரிப்பேருக்கு வந்த மோட்டார் குவிந்து கிடக்கிறது என்றார். பொங்கல் போகட்டும் என்றார். பிறகு வியாழக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவும்போது, யாரும் கேட்காமலே, "சனிக்கிழமை கெளம்பலாம் சுதா" என்றார்.

ஏன் மனம் மாறினார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் திரும்பவும் மாறிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

அபிநயா வாங்கிக் கொடுத்திருந்த அனுமதிக் கடிதத்தை வனக்காவலர் படித்துப் பார்த்தார். "காட்டுக்குள்ள டெண்ட் போடக் கூடாதும்மா. ஊருக்குள்ள போயி யார்னா நெலத்துல கேட்டுப் போட்டுக்குங்க. வெறகு வெச்சு நெருப்பு மூட்டாதீங்க" என்று சொல்லி வழிவிட்டார்.

பாதை ஆரம்பமானது.

தை மாதத்து வெயில் இன்னும் மலையின் இந்தப் பக்கத்துக்கு வரவில்லை. புல்லில் பனி இருந்தது. முதல் ஏற்றத்திலேயே வெற்றிக்கு மூச்சு வாங்கியது. ஜெயசுதாவுக்கு ஒன்றுமில்லை. இன்றைக்கும் நாலைந்து ஊர் சுற்றுகிற கால்கள் அவளுடையவை.

கால் மணி நேரம் ஏறியதும் ஆள் உட்காருகிற மாதிரி ஒரு தட்டைப் பாறை வந்தது. வெற்றி பையை இறக்கி வைத்துவிட்டு அதைத் தட்டிக்கொடுத்தார்.

"இதுக்குப் பேரு இன்னா தெரியுமா?"

"பாறைக்கு ஏதுங்க பேரு?"

"பீடிப்பாறை. நான் வெச்ச பேரு. சனிக்கெழம மத்தியானம் கடைய மூடிட்டு வருவேன் இல்ல? இங்கதான் கடைசி பீடி. அதுக்கு மேல புடிச்சா நீ வாசன கண்டுபுடிச்சுடுவே."

"அப்பவும் கண்டுபுடிச்சேன்."

"சொல்லவே இல்ல?"

"நாலு மணி நேரம் நடந்து வர்ற மனுசன வாசல்லியே வெச்சுத் திட்டறதா?"

அவர் பாறையில் உட்கார்ந்து அவளை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமாகி முதல் இரண்டரை வருஷம் அவர்கள் குடித்தனம் அப்படித்தான் நடந்தது. கீழே ஒடுகத்தூரில் அவருடைய மோட்டார் வைண்டிங் கடை. மேலே அவளுடைய வேலை. அப்போது அந்தப் பக்கம் ரோடு கிடையாது. சனிக்கிழமை பகலில் ஏறுவார், திங்கட்கிழமை விடியும்போது இறங்குவார். கையில் ஒரு துணிப்பை. அதில் காய்கறி, மண்ணெண்ணெய் பாட்டில், ரேடியோவுக்கு பேட்டரி, அந்த வாரத்துப் பத்திரிகை. பத்திரிகையை மட்டும் மறக்கவே கூடாது. மற்ற எதை மறந்தாலும் ஜெயசுதா பொறுத்துக்கொள்வாள்.

"அந்த ஓடைல உழுந்தீங்களே, நெனப்பு கீதா?" என்று கேட்டாள் அவள், நடந்துகொண்டே.

"மறக்குமா?"

ஒரு ஐப்பசி மாதம். ஓடையில் தண்ணீர் இடுப்பளவு. பாசியில் வழுக்கி, பையோடு விழுந்து எழுந்து, நடுங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அவள் முதலில் அவர் தலையைத் துவட்டினாள். அடுத்து பத்திரிகையை எடுத்து, ஒவ்வொரு தாளாகப் பிரித்து, சோற்றுப்பானை மூடியின் சூட்டில் காயவைத்தாள். தொடர்கதையின் கடைசிப் பக்கம் மட்டும் கூழாகிப்போயிருந்தது.

"முடிவ நீயே சொன்ன. அந்தப் பொண்ணு ரயில்ல ஏறிப் போயிட்டான்னு" என்றார் வெற்றி.

"அடுத்த வாரம் பார்த்தா அவ ரயிலடிக்கே போகல."

"நீ சொன்னதுதான் நல்லா இருந்துச்சு."

அந்த இரவு அவள் சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்ததையும், சுகாதார நிலையத்தின் பின்னறையில் ஒரே கம்பளியை இருவரும் இழுத்துப் பிடித்துக்கொண்டு படுத்ததையும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. இருவரும் அதையே நினைத்தபடி கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

ஓடை வந்தது. இப்போது கணுக்கால் அளவுதான். தாண்டி அந்தக் கரையில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, ஆறிப்போனதால் இன்னும் ருசியாக இருந்தது.

"உங்களுக்குப் பாறையும் ஓடையும். எனக்கு இந்தப் பாதை வேற கணக்கு" என்றாள் ஜெயசுதா. "கொஞ்சம் மேல ஒரு வேங்கமரம் வரும் பாருங்க, அங்கதான் ராணியம்மாளுக்கு வலி வந்துச்சு. அதுக்கும் மேல புளியந்தோப்புல ரெட்டப் புள்ள. ரெண்டும் பொட்டப் புள்ள. நாப்பத்தாறு பிரசவம் பார்த்தேன் இந்த மலைல. ஒண்ணுகூட வீணாப் போகல."

"ம்."

"ஆர்டர் மட்டும் வராம இருந்திருந்தா நூறாவது பார்த்திருப்பேன்."

வெற்றி இலையைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.

நெல்லிமரத்தூரை அடைந்தபோது மணி பதினொன்றரை. ஊர் மாறியிருந்தது. மலையின் மறுபக்கமாக சிமெண்ட் ரோடு வந்திருந்தது. தண்ணீர்த் தொட்டி, செல்போன் டவர், வாசலுக்கு வாசல் டூவீலர். பழைய சுகாதார நிலையத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். ஊர் முனையில் நின்ற புளியமரம் மட்டும் அப்படியே இருந்தது, காய் பழுத்துக்கொண்டு.

ஜெயசுதா மரத்தடியில் போய் நின்றாள். சனிக்கிழமை சாயங்காலம் இங்கே நின்றால் பாதையின் கடைசித் திருப்பம் தெரியும். முதலில் துணிப்பை தெரியும், அப்புறம் அவர்.

"யாரு அது? நர்ஸம்மாவா? எங்க நர்ஸம்மாவா?"

தலையில் தண்ணீர்க்குடத்தோடு வந்த பெண், குடத்தை அப்படியே தரையில் வைத்துவிட்டு ஓடிவந்தாள். நெற்றிப் பக்கம் நரை, உதட்டில் வெற்றிலைச் சிவப்பு. ஜெயசுதாவுக்கு ஒரு நொடி பிடிபடவில்லை. சிரித்ததும் பிடிபட்டது.

"பாஞ்சால!"

இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். பாஞ்சாலை அழுதாள், சிரித்தாள், ஜெயசுதாவின் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். "இளைச்சுட்டீங்களே" என்றாள். பிறகு வெற்றியைப் பார்த்து முந்தானையைச் சரிசெய்தாள். "வாங்க மாப்ள. இன்னா மாப்ள, மூட்டையெல்லாம் பெருசா கீது? இங்கியே தங்கிடறதா?"

மத்தியானச் சாப்பாடு அவள் வீட்டில். சாமைச் சோறும் மொச்சைக்கொட்டைக் குழம்பும். கூடவே நெல்லிக்காய் ஊறுகாய். ஜெயசுதா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பாஞ்சாலையின் வீட்டுக்காரர் போன வாரம்தான் திருவண்ணாமலைக்கு வேலைக்குப் போயிருந்தார். ஒரு பிள்ளை வேன் ஓட்டுகிறான், இன்னொருவன் திருப்பூரில். பேச்சு ஒவ்வொரு வீடாகப் போய்வந்தது.

"பெரியவன் இன்னா பண்றான் பாஞ்சால?" என்று கேட்டாள் ஜெயசுதா.

"அவன்தான் வேன் ஓட்றான்."

"அவனுக்கு இப்ப இருபத்தி நாலு முடிஞ்சிருக்கும் இல்ல? நான் போவும்போது உனக்கு ஏழு மாசம். அப்பால சந்தைல உங்க ஊர் ஆள் ஒருத்தரப் பார்த்துக் கேட்டேன். ஆம்பளப் புள்ளன்னு சொன்னாரு. எனக்கு மனசு நெறஞ்சு போச்சு."

பாஞ்சாலை கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே வைத்தாள்.

"அது இல்ல நர்ஸம்மா. அவன் அதுக்கப்பறம் பொறந்தவன்" என்றாள். "மொத புள்ள தங்கல."

ஜெயசுதா கையைச் சோற்றிலிருந்து எடுக்கவில்லை.

"நீங்க போன அப்பறம் பதினோரு மாசம் யாருமே வரல. பூட்டுதான் தொங்குச்சு. எனக்கு வலி எடுத்தது நல்ல மழைல. போர்வைய மூங்கில்ல கட்டி, நாலு பேரு தூக்கிக்கினு எறங்கினாங்க. ஓடைல தண்ணி நெறைய. தாண்ட முடியல. இந்தக் கரையிலியே பொறந்துச்சு. மூணு நாள் இருந்தான். நல்லா செவப்பா இருந்தான்."

அடுப்பில் விறகு ஒன்று சரிந்தது. பாஞ்சாலை அதைத் தள்ளிவிட்டாள்.

"நான் இருக்கறேன்னு சொன்னேன் உனக்கு" என்றாள் ஜெயசுதா. "பயப்படாத, உன் பிரசவத்துக்கு நான் இருக்கறேன்னு சொன்னேன்."

"சொன்னீங்க. அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க? நீங்களா போனீங்க? கவர்மெண்ட் மாத்திட்டா போயிதானே ஆவணும். போற அன்னிக்கு நீங்க அழுதத இந்த ஊரே பார்த்துச்சே." பாஞ்சாலை அவள் முதுகைத் தடவினாள். "அழுவாதீங்க. எத்தினி வருசம் ஆச்சு. எனக்கே ஆறிப்போச்சு. மாப்ள, நீங்க ஏன் சாப்புடாம கீறீங்க? கொழம்பு காரமா?"

"இல்ல" என்றார் வெற்றி. "போதும்."

அவர் எழுந்து வெளியே போய்க் கை கழுவினார். நெடுநேரம் கழுவினார்.

டெண்ட் போட பாஞ்சாலை தன் சாமைக் கொல்லையைக் காட்டினாள். அறுவடை முடிந்து வெறும் தாள் நின்ற நிலம். ஓரத்தில் பெரிய வழுக்குப் பாறை. அங்கிருந்து பார்த்தால் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக, தூரத்தில் போகப் போக நீலமாகத் தெரிந்தன. காவலூர்ப் பக்கம் வெள்ளையாக ஒரு கோபுரம் மாதிரி தெரிந்தது, வானத்தைப் பார்க்கிற கூடமாக இருக்க வேண்டும்.

வீட்டில் அபிநயா சொல்லிக்கொடுத்தபோது எல்லாம் எளிதாக இருந்தது. இங்கே கம்பியை ஒரு பக்கம் சொருகினால் மறுபக்கம் பிடுங்கிக்கொண்டது. எத்தனையோ மோட்டார்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு செப்புக் கம்பிச் சுருள் சுற்றிய கை, நாலு கம்பிக்கு முன்னால் திணறியது. இரண்டு முறை டெண்ட் அவர் தலையிலேயே சரிந்தது. வேறு நாளாக இருந்தால் ஜெயசுதா வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். இன்றைக்கு அவள் பேசாமல் வந்து, கம்பியை வளைத்து, முளையை அடித்தாள். டெண்ட் நின்றது.

நாலரை மணிக்கு அவளுடைய செல்போன் அடித்தது. பாறைமேல் ஏறினால்தான் சிக்னல். இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். ஜெயசுதா ஸ்பீக்கரில் போட்டாள்.

"டெண்ட் நிக்குதாம்மா?" அபிநயாவின் குரல்.

"நிக்குது."

"அப்பா எப்படிக் கீறாரு? முழங்கால்?"

"தோ பக்கத்துல. நல்லாக் கீறாரு."

"ஏம்மா குரல் ஒரு மாதிரி கீது? அழுதியா? ஊரப் பார்த்ததும் அழுகை வந்துடுச்சா? நீ எப்பப் பார்த்தாலும் அந்த ஊரப் பத்தியேதானே பேசுவே. அவ்ளோ புடிச்ச எடத்த எப்படிம்மா உட்டுட்டு வந்தே?"

"ஆர்டர் வந்துச்சு. வந்துட்டோம்" என்றாள் ஜெயசுதா.

வெற்றி கையை நீட்டி செல்போனை வாங்கினார். "அபி, அம்மா அப்பறம் பேசுவா" என்று சொல்லி அணைத்துவிட்டார்.

ஜெயசுதா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அப்படிப் பாதியில் பேச்சை முறிக்கிற ஆள் இல்லை.

"இன்னாங்க?"

"ஆர்டர் தானா வரல சுதா."

"இன்னா?"

"நான்தான் எழுதிப் போட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. அவர் மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஆபீஸில் தெரிந்த ஒருவர் மூலம் விண்ணப்பத்தாள் வாங்கியது. குடும்பச் சூழ்நிலை காரணமாகச் சமவெளியில் மாறுதல் வேண்டும் என்று எழுதியது. கீழே அவளுடைய கையெழுத்தைத் தானே போட்டது. நாற்பது நாளில் உத்தரவு வந்தது.

ஆட்டு மணிச் சத்தம் எங்கிருந்தோ கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றதும் ஜெயசுதா அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்க அப்பா சொன்னாரா?"

"அவரு தினமும்தான் சொல்லினு இருந்தாரு, பொண்டாட்டி மலைல, புருசன் தெருவுலன்னு. அது காரணம் இல்ல. பழிய அவர் மேல போட மாட்டேன்."

"நடக்கறது கஷ்டமா இருந்துச்சா?"

"அதுவும் இல்ல. அந்த நடைதான் என் வாழ்க்கைலியே நல்லா இருந்தது." அவர் ஊர்ப் பக்கம் கையைக் காட்டினார். "ஒரு சனிக்கெழம வந்தேன். நீ புளியமரத்தாண்ட இல்ல. பாஞ்சாலை வூட்டு வாசல்ல பொம்பளைங்களோட உக்காந்து சிரிச்சுட்டு இருந்தே. தலைய பின்னால சாய்ச்சு, கண்ணுல தண்ணி வர்ற மாதிரி. எங்க வூட்டுல நீ ஒரு நாள்கூட அப்படிச் சிரிச்சதில்ல. நான் அர மணி நேரம் மரத்தாண்டயே நின்னேன். நான் வந்தது உனக்குத் தெரியவே இல்ல. இந்த ஊரு உன்ன வெச்சுக்கும், திருப்பித் தராதுன்னு தோணிடுச்சு. திங்கக்கெழம கீழ போனதும் எழுதிட்டேன்."

"கூப்பிட்டிருக்கலாமே" என்றாள் ஜெயசுதா.

"கூப்பிட்டிருக்கலாம்."

"சுதான்னு ஒரு கொரல் குடுத்திருந்தா எழுந்து ஓடி வந்திருப்பேனே."

அவர் பாறையின் விளிம்பை விரலால் தேய்த்தார்.

"ஆர்டர் வந்த அன்னிக்கு நான் அழுதேன். நீங்க பக்கத்துல உக்காந்து என் தலைய தடவிக் குடுத்தீங்க."

"ஆமா."

"கவர்மெண்ட்டுன்னா அப்படித்தான் சுதா, மனச தேத்திக்கன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"இத்தினி வருசம்..." அவள் நிறுத்திக்கொண்டாள். "இப்ப ஏன் சொல்றீங்க?"

"அபி இங்க போகச் சொன்னதும் பயமாத்தான் இருந்துச்சு. அப்பறம், அந்த எடத்துல வெச்சாவது சொல்லிடணும்னு வியாழக்கெழம முடிவு பண்ணேன். ஆனா காலைல நடக்கும்போது நீ அவ்ளோ சந்தோசமா வந்தே. வேணாம், அப்படியே போகட்டும்னு உட்டுட்டேன். பாஞ்சாலை பேசறவரைக்கும். அந்தப் புள்ள விசயம் சத்தியமா எனக்குத் தெரியாது சுதா."

"எனக்கும் தெரியாது" என்றாள் அவள்.

அவள் அழவில்லை. கைப்பையைத் திறந்து சின்ன நோட்டையும் பேனாவையும் எடுத்தாள். ஒரு வெற்றுப் பக்கத்தைப் புரட்டி அவர் மடியில் வைத்தாள்.

"போட்டுக் காட்டுங்க."

"எதை?"

"என் கையெழுத்த."

"வேணாம் சுதா."

"போடுங்க."

அவர் பேனாவை வாங்கினார். கொஞ்ச நேரம் பக்கத்தையே பார்த்தார். பிறகு ஒரே இழுப்பில் போட்டார். முதல் எழுத்தின் கால் நீண்டு பெயர் முழுதுக்கும் அடியில் ஓடி, கடைசியில் ஒரு சுழியோடு நின்றது. பத்திரிகை ஓரத்தில், கடிதங்களின் அடியில், தடுப்பூசிப் பதிவேட்டில், இருபத்தாறு வயதில் அவள் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தாள். எப்போது விட்டாள் என்று அவளுக்கே நினைவில்லை. இப்போதெல்லாம் வெறும் இரண்டு கோடுதான்.

அந்தச் சுழியை அவ்வளவு அச்சாகப் போட வேண்டுமானால் எத்தனை முறை பார்த்திருக்க வேண்டும், எத்தனை முறை எழுதிப் பழகியிருக்க வேண்டும் என்று அவள் மனதுக்குள் ஓடியது. அவள் எழுதிய கடிதங்களை வைத்துக்கொண்டுதான் பழகியிருப்பார். செவ்வாய்க்கிழமை தோறும், பால் கொண்டுபோகிற ஆளிடம் அவள் கொடுத்தனுப்பிய கடிதங்கள். 'சீக்கிரம் சனிக்கிழமை வரட்டும்' என்று எல்லாவற்றிலும் எழுதியிருப்பாள்.

நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். எழுந்தாள். வெயில் மஞ்சளாகி சாமைத் தாள்களின் நுனியில் நின்றது. குளிர் இறங்கத் தொடங்கியிருந்தது. சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு பாறையிலிருந்து இறங்கினாள்.

"எங்க போற?"

"பாஞ்சாலைகிட்ட."

"எதுக்கு?"

"எதுக்கா? இத்தினி வருசமா அவ கவர்மெண்ட்டு மேல பழியப் போட்டுட்டு ஆறியிருக்கா. மத்தியானம் என் முதுகத் தடவிக் குடுத்தா. அந்தக் கையால போட்ட சோத்தத் தின்னுட்டு, நாளைக்குக் காலைல டாட்டா காட்டிட்டு எறங்கிடலாமா?"

வெற்றி எழுந்தார். உட்கார்ந்திருந்ததில் முழங்கால் பிடித்துக்கொண்டது. பாறையைப் பிடித்தபடி இறங்கினார். வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் அவள் கை நீட்டுவாள். இப்போது நீட்டவில்லை. அவர் இறங்கி முடிக்கும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் வர்றேன்."

"வாங்க. ஆனா நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

"அவ இன்னா சொல்லுவாளோ?"

"எனக்கும் தெரியாது. நான் உங்கள இன்னா பண்ணப்போறேன்னே எனக்கு இன்னும் தெரியல."

கொல்லையின் வரப்பில் அவள் முன்னால் நடந்தாள். இருபத்தேழு வருஷத்தில் ஒருநாளும் அவரை விட்டு வேகமாக நடந்ததில்லை, இன்றைக்கும் நடக்கவில்லை. அவருக்கு எட்டுகிற தூரத்தில்தான் போனாள். ஆனால் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. வரப்பு முடிகிற இடத்தில் அவருக்குச் செருப்பு கழன்றது. அவர் குனிந்து மாட்டிக்கொண்டு நிமிர்கிறவரை, அவள் முதுகைக் காட்டியபடியே நின்று, பிறகு நடந்தாள்.

பாஞ்சாலை வாசலில் உட்கார்ந்து மறுநாளைக்கு மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அவர்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"குளுருக்குத் துணி போதலியா? உள்ள வந்து படுங்கன்னா கேட்டாதானே. உக்காருங்க, டீ வெக்கறேன்."

ஜெயசுதா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஒரு கைப்பிடி மொச்சையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். உரிக்கவில்லை.

"மாப்ள, நீங்களும் உக்காருங்க. ஏன் நிக்கறீங்க?"

"இல்ல பாஞ்சால" என்றார் வெற்றி. "நின்னுக்கினே சொல்றேன்."

பாஞ்சாலை அவரைப் பார்த்தாள். பிறகு ஜெயசுதாவைப் பார்த்தாள். ஜெயசுதா தலை குனியவில்லை, வாயும் திறக்கவில்லை.

"நர்ஸம்மாவ கவர்மெண்ட் மாத்தல" என்றார் வெற்றி.

பாஞ்சாலையின் விரலில் பாதி உரித்த மொச்சை அப்படியே நின்றது.